நீலக் கோட்டில் ஒரு கதவு

"அந்தக் கோட்ட அழி" என்றான் இலாரியோன்.

எல்விரா அழித்தாள். அண்ணனின் கட்டில் ஓரத்தில், அவன் காலுக்கு இடம் விட்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையை அவன் பார்க்கும்படி சாய்த்ததில் அவளுக்கே பாதிதான் தெரிந்தது. காலை எட்டு மணி. தகரக் கூரையில் மழை சடசடத்தது. தலைமாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் விடாமல் சீறிக்கொண்டிருந்தது. நாலு நாளாக அந்தச் சத்தத்தோடேயே இருந்ததில் அது காதில் விழுவதே நின்றுவிட்டது.

"அழிச்சாச்சு. இப்ப என்ன?"

"இப்ப எண்ணு. எத்தன படி?"

"பதினெட்டு."

"மாடி உயரம்?"

"அம்பத்திரண்டு மில்லி."

அவன் கண்ணை மூடினான். வலியில் மூடுகிறானா, கணக்குப் போடுகிறானா என்று தெரியவில்லை. ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த வீடு அது. வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர், நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர். பலகையின் கனம் மூன்று மில்லி. பலகை மேல் பலகையாக ஒட்டினால் படி.

"பதினேழு மூணு அம்பத்தொண்ணு. மிச்சம் ஒரு மில்லி. அத என்ன பண்றதுன்னு தெரியாம பதினெட்டாவது படின்னு சொருகி வச்சிருக்க. நிஜ வீட்டுல அது அஞ்சு சென்டி. வர்றவன் போறவன் எல்லாம் அங்கதான் தடுக்கி விழுவான்."

"பொம்ம வீட்டுல யாருண்ணே ஏறப் போறா?"

"உங்க அண்ணி."

எல்விரா மாடி உயரத்தை ஐம்பத்தொன்றாக்கினாள். பதினெட்டாவது படியை எடுத்தாள்.

"அம்பத்தொண்ணுன்னா ரெண்டு மீட்டர் அம்பத்தஞ்சு" என்றான் அவன், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூச்சு வாங்கி. "தளம் பதினஞ்சு போனா ரெண்டு நாப்பது. உங்க அண்ணி தொப்பியோட நின்னாலும் இடிக்காது. போதும்."

அன்று ஜனவரி இருபத்து நாலு, அலசிதாஸ் திருவிழா. உச்சி நேரம் பன்னிரண்டு அடிக்கும்போது எதைச் சின்னதாகக் கையில் வாங்கி மந்திரித்துக்கொள்கிறோமோ, அது அந்த வருஷத்துக்குள் பெரிதாக வந்து சேரும். எல் ஆல்தோ நகரத்தில் இதை நம்புகிறாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சந்தைக்குப் போய் வாங்குவதோடு சரி. லாரி வேண்டியவர்கள் விரல் நீள லாரி வாங்குவார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் சேவல் வாங்குவார்கள். வீடு வேண்டியவர்கள் எல்விரா வெட்டிய வீட்டை வாங்குவார்கள். கீழே கடை, நடுவில் கல்யாண மண்டபம், உச்சியில் சொந்தக்காரர் குடியிருப்பு என்று ஐந்து மாடி வீடுகள். முகப்பு மட்டும் பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும். உள்ளே காற்றுதான் இருக்கும். கீழ்த்தளத்து அறையில் நிற்கும் லேசர் எந்திரம் ஆறு வருஷமாக அவற்றைத்தான் வெட்டித் தள்ளுகிறது. முந்நூறு வீடுகளோடு அவள் கணவன் வில்ஃப்ரெதோ விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய்விட்டான்.

இலாரியோன் நிஜ வீடு கட்டுகிறவன். இந்த மாடி அறையைக் கட்டியதும் அவன்தான். முப்பது வருஷம் கல் அறுத்த தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டில் என்று அவர்கள் கேட்கவில்லை. அவனும் மனைவி ஹுஸ்தாவும் இருந்தது வெயிலே எட்டிப் பார்க்காத வாடகை அறை. அதனால் எல்விரா இங்கே கொண்டுவந்துவிட்டாள்.

வந்த அன்றே ஆரம்பித்துவிட்டான்.

"போன வருஷம் நீ ஒரு வீடு குடுத்தியே, உள்ள என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும்? ஒண்ணும் இல்ல."

"அதான் ஒண்ணும் வரல" என்றான் அவன். விளையாட்டாகச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை. "இந்த வருஷம் உள்ளயும் வரைஞ்சு வெட்டு. ஏறுற படி, அடுப்படி, குளியலறை, எல்லாம். ரெண்டு மாடி போதும். நான் கட்டுனா எப்படிக் கட்டுவேனோ அப்படி."

தனக்குத் தானே வாங்கிக்கொள்வதைவிட இன்னொருவர் கையால் வருவதற்குத்தான் பலன் அதிகம். அதனால் பன்னிரண்டு மணிக்கு அவன் தன் கையால் ஹுஸ்தாவிடம் அதைக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் அவன் கேட்டது. எல்விராவிடம் அண்ணன் இதுவரை எதுவும் கேட்டதில்லை. நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. அதற்காகவே அவள் சந்தைக்கு வெட்ட வேண்டிய நாற்பது வீடுகளை ஓரம் கட்டினாள்.

ஹுஸ்தா ஊதாச் சோளக் கஞ்சியோடு படியேறி வந்தாள். பாவாடை விளிம்பு மழையில் நனைந்திருந்தது. தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு, ரவிக்கைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து அவன் மூக்குக்கு நேரே காட்டினாள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு தாள். மேலே 'உடல்நலச் சான்றிதழ்' என்று அச்சடித்திருந்தது. முத்திரைகூட இருந்தது.

"முனையில விக்கிறாங்க. உன் பேர எழுதி வாங்கிட்டு வந்தேன். பன்னெண்டு மணிக்கு இதத்தான் மந்திரிக்கணும்."

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "டாக்டர் கையெழுத்து இல்லையே."

"யோவ், உனக்கு எல்லாத்துலயும் நக்கல்."

"நீ அத மந்திரி, நான் இத மந்திரிக்கிறேன். எது மொதல்ல வருதுன்னு பாப்போம்."

"எனக்கு வீடு வேணாம்னு எத்தன வாட்டி சொல்றது? நீ இல்லாத வீட்டுல நான் யாரோட சண்ட போடுறது?"

"மாடிய வாடகைக்கு விடு. குடித்தனக்காரனோட போடு."

ஹுஸ்தா சிரித்துவிட்டாள். சிரித்த கோபத்தில் கஞ்சிக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். பிறகு அதையே எடுத்து, ஸ்பூனால் அவன் உதட்டை நனைத்தாள். அவன் இரண்டு வாய் விழுங்கினான். மூன்றாவது கடைவாயில் வழிந்தது. அதை அவள் பெருவிரலால் துடைத்து, தன் பாவாடையிலேயே தேய்த்துக்கொண்டாள்.

எல்விரா தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தாள். இனி இருப்பது சலிப்பான வேலை. ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு ஒளிந்திருந்தால் எந்திரம் அங்கே இரண்டு முறை வெட்டும், பலகை கருகிப்போகும். அப்படி ஏழு இடத்தில் கண்டுபிடித்து அழித்தாள். பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்களை ஒரு மயிரிழை பெரிதாக்கினாள்.

"அது எதுக்கு?" என்றான் இலாரியோன். அவன் கண் இன்னும் திரையில்தான் இருந்தது.

"லேசர் கொஞ்சம் தின்னுடும்ண்ணே. அளந்த மாதிரியே வெட்டுனா லொடலொடன்னு ஆடும்."

"ரம்பம் தின்ற மாதிரி."

"அதே."

"அப்ப நீயும் கொத்தனார்தான்" என்றான். அது பாராட்டு என்று அவளுக்குப் புரிந்தது. அவன் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

ஒன்பதரைக்கு வில்ஃப்ரெதோ போன் செய்தான். பின்னால் சந்தை இரைச்சல்.

"மிச்ச நாப்பது எங்க? இங்க பிச்சுக்கிட்டுப் போகுது!"

"மெஷின்ல அண்ணன் வீடு போகப் போகுது. உனக்கு இல்ல."

"இன்னிக்கா? இன்னிக்குப் போயி…" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "சரி விடு. மச்சான் எப்படி இருக்காரு?"

"படிய எண்ணிக்கிட்டு இருக்காரு."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு" என்று வைத்துவிட்டான்.

முகப்பு ஒன்றுதான் பாக்கி. அதில் அவள் மெனக்கெடவில்லை. சந்தைக்கு வெட்டுகிற வீடுகளில் ஒன்றைத் திறந்து, ஜன்னல், கதவு, மேலே பூ வேலை எல்லாவற்றையும் நகலெடுத்து இதில் ஒட்டி அளவைச் சரிசெய்தாள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குப் படிதான் முக்கியம். படி திரும்புகிற இடத்தில் ஆள் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டான்.

கீழே போய்ப் பலகையை வைத்து எந்திரத்தை ஓடவிட்டாள். புகை உறிஞ்சும் விசிறி பேரிரைச்சலோடு சுழன்றது. முக்கால் மணி நேரத்தில் சுவரும் தளமும் படிகளுமாகத் துண்டுகள் தயாராகிவிட்டன. தட்டில் அள்ளி மேலே கொண்டுவந்து, அவன் கண் முன்னாலேயே கோத்தாள். பற்கள் ஆடாமல் இறங்கின. கூரையை மட்டும் ஒட்டாமல், மூடிபோல எடுத்துப் பார்க்கும்படி விட்டாள்.

மணி பதினொன்று நாற்பது. ஹுஸ்தா அவன் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினாள். எல்விரா வீட்டை அவன் வயிற்றின் மேல் வைத்துக் கூரையை எடுத்தாள்.

இலாரியோன் ஆட்காட்டி விரலை உள்ளே விட்டான். விரல் பெருத்து, நகம் நீலம் பாரித்திருந்தது. கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனான். திரும்பும் இடத்தில் நிறுத்தினான், மூச்சு வாங்கினான், மறுபடி ஏறினான். மேலே போய்ச் சேர்ந்ததும் தலையை ஆட்டினான். எல்விராவுக்குப் பெருமை தாங்கவில்லை. தேர்வில் முதலாவதாக வந்தபோதுகூட அவள் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பிறகு அவன் வீட்டை முன்பக்கமாகத் திருப்பினான். கதவில் நகத்தை வைத்து நெம்பினான். இன்னொரு முறை நெம்பினான்.

"எல்வி, கதவு தொறக்க மாட்டேங்குது."

அவள் குனிந்து பார்த்தாள். கதவு இருந்தது. கைப்பிடி இருந்தது, சட்டம் இருந்தது, பூ வேலை இருந்தது. எல்லாம் பலகை மேல் பழுப்பாகக் கீறிய கோடுகள். சிவப்புக் கோடு போட்டால் எந்திரம் வெட்டும். நீலக் கோடு போட்டால் மேலாகக் கீறிவிட்டுப் போய்விடும். சந்தை வீட்டுக் கதவை யாரும் திறப்பதில்லை என்பதால் ஆறு வருஷமாக அவள் கதவுகளை நீலத்தில்தான் போட்டு வந்தாள். அதை அப்படியே நகலெடுத்திருந்தாள். உள்ளே பதினேழு படி கட்டி, அடுப்படி கட்டி, யாரும் நுழைய முடியாதபடி சுவரெழுப்பி வைத்திருந்தாள்.

அவள் முகம் செத்துப்போனது. இலாரியோனுக்கோ சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், ஹுஸ்தா அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்விரா, விடு. போதும். நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹுஸ்தா.

"நாலு நிமிஷம் அண்ணி. முகப்பு ஒண்ணுதான். சிவப்பா மாத்தி வெட்டிட்டு ஓடி வந்துடுறேன்."

அவன் இருமி முடித்து, கண்ணில் நீரோடு அவளைப் பார்த்தான். "தொண்ணூறு சென்டி அகலம் வை. அடுப்பு உள்ள போகணும்."

"சரிண்ணே."

"போ. வெட்டிட்டு வா."

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். கோப்பைத் திறந்து, கதவைப் பதினெட்டு மில்லிக்கு அகலமாக்கி, சிவப்புக்கு மாற்றி அனுப்பினாள். எந்திரத்தின் தலை அசைந்தது. முதலில் பூ வேலையைக் கீறியது. அதற்கு அவசரமே இல்லை. பிறகு ஜன்னல்கள். பிறகு கதவு. சின்ன நெருப்புப் புள்ளி கதவைச் சுற்றி வந்து முடிக்க எட்டு நொடி ஆகியிருக்கும். கடைசியாக வெளிவிளிம்பு. விசிறி இரைச்சலில் மேலே நடப்பது எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை ஹுஸ்தாவின் காலடி வேகமாக நடந்த மாதிரி இருந்தது. அப்புறம் இல்லை.

மூடியைத் திறந்து, புகை அடங்குமுன் முகப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மாடிப்படியில் காசிமீராம்மா தணல் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தாள். மந்திரிக்கிறவளுக்கு வருஷத்தின் அந்த ஒரு மணி நேரம்தான் அறுவடை. தெருமுனையில் ஐம்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் அடுப்படியைக் கட்டியவன் இலாரியோன் என்பதால் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், வந்தும்விட்டாள்.

"மெதுவா போடி, எங்கயும் ஓடிடாது வீடு" என்றாள் காசிமீராம்மா.

அறை அமைதியாக இருந்தது. நிலைப்படியைத் தாண்டிய பிறகுதான் என்ன குறைகிறது என்று எல்விராவுக்குத் தெரிந்தது. சிலிண்டர் சீறவில்லை.

ஹுஸ்தா கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

"மூடிட்டேன்" என்றாள். "வீணாப் போயிட்டு இருந்துச்சு."

"எப்ப?"

"நீ எறங்கி கொஞ்ச நேரம் இருக்கும். மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு. எல்விராவக் கூப்பிடவான்னு கேட்டேன்." ஹுஸ்தா அவன் விரல்களை நீவிவிட்டாள். "வேணாம், அவ கதவு வெட்டுறான்னு சொன்னாரு."

எல்விரா முகப்பைப் பிடித்தபடி நின்றாள். பலகையின் கருகிய விளிம்பு விரல்களில் கரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பூ வேலையை எடுத்துவிட்டிருந்தால் இரண்டு நிமிஷம் மிச்சமாகியிருக்கும். காலையிலேயே நிறத்தைப் பார்த்திருந்தால் நாலும் மிச்சமாகியிருக்கும். அண்ணன் போகும்போது பக்கத்தில் இருந்திருப்பாள்.

காசிமீராம்மா வாசலில் நின்று பார்த்தாள். தணல் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் கால்மாட்டில் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சட்டியைத் தூக்கினாள்.

"நான் போறேன் தாயி. சாவு விழுந்த எடத்துல இதச் செய்றதில்ல. சாயங்காலம் வர்றேன்."

"அம்மா, இருங்க" என்றாள் எல்விரா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. "அண்ணன் இத அண்ணிக்குக் குடுக்கணும்னுதான் நாலு நாளா உசுர வச்சிருந்துச்சு. இன்னும் குடுக்கல."

"எனக்கு வேணாம்" என்றாள் ஹுஸ்தா, யாரையும் பார்க்காமல்.

எல்விரா தரையில் உட்கார்ந்தாள். பழைய முகப்பைப் பெயர்த்தாள். ஒரு பல் உடைந்தது. உடைந்த பல்லோடேயே புதியதைப் பொருத்தினாள். அவசரத்தில் பசை ஜன்னலில் வழிந்தது. கதவு இருந்த இடம் வெறும் திறப்பாக, உள்ளே படி தெரிந்தது. ஹுஸ்தா அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, ரவிக்கையிலிருந்து சான்றிதழை எடுத்து நாலாக மடித்து இலாரியோனின் சட்டைப் பையில் செருகினாள்.

"போற எடத்துல காட்டட்டும்" என்றாள். அப்போதுதான் அவள் தோள் குலுங்கத் தொடங்கியது.

காசிமீராம்மா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலருகே வந்தாள். மழை விட்டிருந்தது. தெருமுனையில் அவளைத் தேடி யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கை சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

ஹுஸ்தா தலையசைத்தாள்.

"சூடு இருக்கிற வரைக்கும் அவன் கைதான். அவனே குடுக்கட்டும். எந்திரி எல்விரா, நேரமாச்சு."

எல்விரா அண்ணனின் இரண்டு கைகளையும் சேர்த்து, உள்ளங்கையை விரித்து, வீட்டை அதில் வைத்தாள். கீழே தன் கைகளைக் கொடுத்துத் தூக்கினாள். செங்கல் தூக்கிய கைகள். நினைத்ததைவிட அதிகக் கனம். வீடோ ஒரு ரொட்டி அளவுக்குத்தான் இருந்தது. மாதா கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. லாரிகள் ஹாரனை அழுத்தின, எங்கோ வெடி வெடித்தது, தெரு முழுக்க ஆட்கள் தத்தம் கையில் இருந்ததை வானத்துக்குக் காட்டிக் கூச்சல் போட்டார்கள்.

ஹுஸ்தா கையை நீட்டவில்லை.

"அண்ணி, வாங்கிக்கங்க. ரொம்ப நேரம் தூக்க முடியல."

மணி ஏழெட்டு முறை அடித்திருக்கும். ஹுஸ்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தொப்பியை எடுத்து நேராக வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கினாள்.

காசிமீராம்மா சாம்பிராணி போட்டாள். புகைக்கு மேலே வீட்டைச் சுற்ற வைத்து, சாராயத்தை நாலு மூலையிலும் தெளித்து, மஞ்சள் இதழ்களைக் கூரையில் தூவினாள். "யார் பேருக்கு?" என்று கேட்டாள். வழக்கமான கேள்விதான்.

"என் பேருக்கு" என்றாள் ஹுஸ்தா. பிறகு, "ஹுஸ்தா யூஹ்ரா" என்று முழுப் பெயரையும் சொன்னாள்.

காசிமீராம்மா போன பிறகுதான் கீழே விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது எல்விராவுக்குக் கேட்டது. இறங்கிப் போய் நிறுத்தினாள். எந்திரத்தின் கம்பி வலை மேல், வெட்டியதில் கழன்று விழுந்த கதவு கிடந்தது. கட்டைவிரலின் மேல் பாதி அளவு. அவசரத்தில் அதை எடுக்க மறந்திருந்தாள். எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"அண்ணி, இது விட்டுப் போச்சு. பசை இருக்கு, ஒட்டிடவா?"

ஹுஸ்தா உள்ளங்கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள். "வீடு வந்ததும் கதவ நான் மாட்டிக்கிறேன்."

சால்வையின் முனையில் வாடகை அறைச் சாவியை முடிந்து வைத்திருந்தாள். அந்த முடிச்சை அவிழ்த்து, கதவையும் அதோடு சேர்த்து இறுக்கி முடிந்தாள். பிறகு எழுந்து, அவன் சட்டைப் பொத்தானில் கை வைத்துக்கொண்டே, அவனைக் குளிப்பாட்ட வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டாள்.